ஆசிரியர் உரிமத்தை சஸ்பெண்ட் செய்தால் கோர்ட்டில் மாற்ற முடியுமா? தங்கைக்காகக் கேட்கிறேன்

வெண்பலகை எழுதியது:

வணக்கம். அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக இருப்பவர்கள், இந்தச் சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். என் தங்கை இங்கே ஒரு அரசுப் பள்ளியில் பெரிய வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறாள். எந்த மாநிலம் என்பதை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, மன்னிக்கவும்.

நடந்தது இதுதான். பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி கணக்கில் சந்தேகம் கேட்க வேண்டும் என்று இவளுடைய சொந்த செல்போன் எண்ணை வாங்கியிருக்கிறாள். முதலில் கணக்குதான். அப்புறம் வீட்டில் அப்பா அம்மா சண்டை, தூக்கம் வரவில்லை, பரீட்சை பயம் என்று ராத்திரி பதினோரு மணிக்கெல்லாம் மெசேஜ் வர ஆரம்பித்திருக்கிறது. தங்கையும் பதில் போட்டிருக்கிறாள், ஒரு செமஸ்டர் முழுக்க. தவறான எண்ணத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து படித்தேன். ஆனால் ஒரு இடத்தில் "இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம், நமக்குள் இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறாள். அந்த அம்மா பெண்ணின் போனை எடுத்துப் பார்த்ததும் பிரச்சினை வெடித்துவிட்டது.

பள்ளி மாவட்டம் (இங்கே அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) விசாரித்து எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது, வேறு பள்ளிக்கு மாற்றியது. அதோடு முடிந்தது என்று நினைத்தோம். இப்போது மாநில உரிம வாரியத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தொழிலுக்குத் தகாத நடத்தை என்ற குற்றச்சாட்டில் ஒரு வருடம் உரிமத்தை இடைநீக்கம் செய்ய உத்தேசித்திருக்கிறோம், வேண்டுமானால் விசாரணை கேட்கலாம் என்று போட்டிருக்கிறார்கள்.

தங்கைக்கு விசாரணைக்குப் போகவே மனமில்லை. முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்து அந்த மெசேஜ்களைச் சத்தமாகப் படிப்பார்கள் என்று நினைத்தாலே அழுகிறாள். அப்பா ஊரில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "அவர்கள் ஆர்டர் போடட்டும், நேராக கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கிவிடலாம், நீதிபதி படித்துப் பார்த்தால் புரிந்துகொள்வார்" என்கிறார்.

ஒரே விஷயத்துக்குப் பள்ளியும் தண்டித்து வாரியமும் தண்டிப்பது எப்படி நியாயம்? விசாரிப்பதும் அவர்கள், தீர்ப்பு சொல்வதும் அவர்கள் என்றால் அது ஒருதலைப்பட்சம் ஆகாதா? அப்பா சொல்கிறபடி விசாரணையை விட்டுவிட்டு கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாமா? ஒரு வருடம் என்பதை நீதிபதி குறைக்க வாய்ப்பு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

---

மேற்குக்கரை எழுதியது:

முதல் வேலையாக அந்தக் கடிதத்தில் விசாரணை கேட்பதற்கு என்ன கெடு போட்டிருக்கிறது என்று பாருங்கள், அதை இன்றைக்கே எழுத்தில் கேட்டு அனுப்பச் சொல்லுங்கள். மீதி எல்லாம் அப்புறம். ஒஹாயோ மாதிரி மாநிலங்களில் இதற்கு 30 நாள்தான். கேட்டு வைத்துவிட்டால் பிறகு சமரசமாகப் பேசி முடிக்கலாம், வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம். கேட்காமல் விட்டால் வாரியம் தன் கையில் இருக்கும் காகிதங்களை மட்டும் வைத்து முடிவெடுக்கும், அதில் உங்கள் தங்கை தரப்பு ஒரு வரிகூட இருக்காது.

நான் கலிபோர்னியாவில் ஆசிரியர், சங்க வேலையும் பார்க்கிறேன். இதே மாதிரி கடிதத்தோடு வந்தவர்களுடன் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் அப்பா சொல்வது அவருடைய அனுபவத்துக்குச் சரி. ஊரில் அரசு ஊழியர் ஒழுங்கு விதி 17(பி)யில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுப்பார்கள், ஆசிரியர் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவார், இடைக்காலத் தடை கிடைத்தால் வழக்கு வருடக்கணக்கில் ஓடும். அங்கேயுமே உச்ச நீதிமன்றம் 1995லேயே பி.சி.சதுர்வேதி வழக்கில், நாங்கள் ஒழுங்கு நடவடிக்கைக்கு மேல்முறையீட்டு அதிகாரி இல்லை, தண்டனை மனசாட்சியை உலுக்கும் அளவுக்கு இருந்தால்தான் தலையிடுவோம் என்று சொல்லிவிட்டது. தவிர, ஊரில் பறிபோவது வேலை. இங்கே கேள்வி உரிமம். வேலை கொடுத்தது பள்ளி மாவட்டம், உரிமம் கொடுத்தது மாநிலம். அதனால்தான் மாவட்டம் எச்சரிக்கையோடு விட்டதை மாநிலம் மறுபடி கையில் எடுக்க முடிகிறது, அதை இரட்டைத் தண்டனை என்று எந்த நீதிமன்றமும் ஏற்காது. வேலையை ராஜினாமா செய்தாலும் உரிம விசாரணை நிற்காது, இதையும் பலர் தெரியாமல் செய்கிறார்கள். கலிபோர்னியாவில் குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும்போது ஒருவர் ராஜினாமா செய்தால் அதையே பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் 30 நாளுக்குள் உரிம ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.

விசாரிப்பவரே தீர்ப்பும் சொல்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோபம் வரத்தான் செய்யும், எனக்கும் அதில் முழுத் திருப்தி கிடையாது. ஆனால் அதை மட்டும் நம்பி கோர்ட்டுக்குப் போகாதீர்கள். 1975ல் விஸ்கான்சினில் ஒரு டாக்டர் இதே வாதத்தை வைத்தார், என்னை விசாரித்த மருத்துவ வாரியமே என் உரிமத்தை நிறுத்துவதா என்று. வித்ரோ எதிர் லார்கின் என்ற வழக்கு. இரண்டு வேலையும் ஒரே அமைப்பிடம் இருக்கிறது என்பதாலேயே நியாயம் கெட்டுப்போய்விட்டது என்று ஆகாது, பாரபட்சம் இருந்தது என்று குறிப்பாகக் காட்ட வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது முக்கியம். தகாத நடத்தை என்ற சொல்லுக்கு எல்லை உண்டா, வாரியத்துக்குப் பிடிக்காத எதையும் அதற்குள் போடலாமா என்ற கேள்விக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1969ல் பதில் சொன்னது. மாரிசன் வழக்கு என்று எங்கள் ஊர் ஆசிரியர் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஆசிரியருக்கும் சக ஆசிரியர் ஒருவருக்கும் பள்ளிக்கு வெளியே ஒரு வாரம் இருந்த தனிப்பட்ட உறவு. இருவரும் ஆண்கள், அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். எந்த மாணவருக்கும் அதில் சம்பந்தம் இல்லை, குற்ற வழக்கும் இல்லை. சில வருடம் கழித்து அதற்காக உரிமத்தை ரத்து செய்தார்கள். நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம் என்று பிரிந்து, அந்த ரத்து செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஒழுக்கக்கேடு, தகாத நடத்தை என்று பெயர் வைத்துவிட்டால் போதாது, அந்த ஆள் பாடம் நடத்தத் தகுதியற்றவர் என்று அந்த நடத்தை காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள்.

எதை வைத்துப் பார்ப்பது என்பதற்கும் அந்தத் தீர்ப்பிலேயே அளவுகோல் இருக்கிறது. மாணவர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் என்ன பாதிப்பு வந்திருக்கும், எவ்வளவு, நடந்து எத்தனை காலம் ஆகிறது, எந்த வகுப்புக்கான உரிமம், சூழ்நிலை குற்றத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா, செய்ததன் நோக்கம் நல்லதா கெட்டதா, மறுபடி நடக்க வாய்ப்பு உண்டா, தண்டித்தால் மற்ற ஆசிரியர்களின் அரசியலமைப்பு உரிமைகள் அடிபடுமா, இப்படிப் போகும். கலிபோர்னியாவில் இது பின்னால் உரிம விதிமுறையிலேயே சேர்ந்துவிட்டது. மற்ற மாநிலங்களில் அப்படியே செல்லாது, ஆனாலும் நடத்தைக்கும் ஆசிரியர் வேலைக்கும் உள்ள தொடர்பைக் காட்டு என்ற கேள்வி பல இடங்களில் உண்டு.

உங்கள் தங்கைக்கு நோக்கம் நல்லது, அது பெரிய பலம். ஆனால் நல்ல நோக்கம் என்பதை யார் சொல்வது, எங்கே சொல்வது? விசாரணையில் அவரே வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாரிசன் தீர்ப்பு வந்து நான்கு வருடத்தில், 1973ல், அதே நீதிமன்றம் பெட்டிட் என்ற இன்னொரு ஆசிரியரின் உரிமத்தை ரத்து செய்தது சரிதான் என்றது. அளவுகோல் இருக்கிறது என்பதால் ஆசிரியர் பக்கம்தான் வரும் என்று எண்ண வேண்டாம்.

---

ஆவணக்காரன் எழுதியது:

மேலே எழுதியவர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், கோர்ட் பக்கத்தை மட்டும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஒஹாயோவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இந்த மாதிரி மேல்முறையீடுகளுக்குக் கோப்புத் தயாரிக்கும் வேலை. ஆசிரியர், நர்ஸ், மதுக்கடைக்காரர் என்று உரிமம் வைத்திருக்கும் எல்லோருடைய கோப்பும் என் மேஜைக்கு வரும்.

உங்கள் அப்பா மனதில் இருக்கும் படம் இதுதான் என்று நினைக்கிறேன்: நீதிபதி முன்னால் தங்கை போய் நின்று நடந்ததைச் சொல்வாள், அவர் கேட்பார், புரிந்துகொள்வார். அப்படி ஒரு நாள் வரவே வராது. மேல்முறையீடு என்று நீதிபதி மேஜைக்குப் போவது ஒரு பெட்டிக் காகிதம். குற்றச்சாட்டுக் கடிதம், விசாரணையில் பேசியதைச் சுருக்கெழுத்தர் வரிக்கு வரி எண் போட்டு அடித்த எழுத்துப்படி, மூலையில் எண் குத்திய சாட்சி ஆவணங்கள், விசாரணை அதிகாரியின் அறிக்கை, அதற்கு எழுதிய ஆட்சேபம், கடைசியில் வாரியத்தின் ஆணை. அவ்வளவுதான். அதற்குள் இல்லாதது நீதிபதிக்கு உலகத்திலேயே இல்லை. அன்றைக்கு எவ்வளவு தேடியும் கிடைத்திருக்கவே முடியாத புதுச் சாட்சியம் என்றால் விதிவிலக்கு உண்டு, தங்கையின் சொந்த வாக்குமூலம் அதில் சேராது. விசாரணைக்குப் போகாதவரின் கோப்பு எப்படி இருக்கும் தெரியுமா? மெல்லிசாக, முழுக்க எதிர்த்தரப்பு. அந்த ராத்திரி மெசேஜ் பிரதிகள் இருக்கும், அந்த அம்மாவின் புகார் இருக்கும். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு என்ன நிலைமை, ஏன் அப்படி ஒரு பதில் எழுத வேண்டி வந்தது என்பது எங்கேயும் இருக்காது.

ஒஹாயோவில் நீதிமன்றம் கேட்கும் கேள்வி இது: நம்பத்தகுந்த, விஷயத்தோடு தொடர்புடைய, கனமான சாட்சியம் இந்த ஆணைக்கு ஆதாரமாக இருக்கிறதா, ஆணை சட்டப்படி இருக்கிறதா. இரண்டுக்கும் ஆம் என்றால் ஆணை நிற்கும். இங்கே மெசேஜ்கள் அச்சில் இருக்கின்றன, தங்கையும் மறுக்கப் போவதில்லை. அப்போது மிச்சம் இருப்பது தண்டனையின் அளவு மட்டும்தான். அங்கேதான் எல்லோரும் ஏமாந்து போகிறார்கள். 1959ல் ஹென்றிஸ் கஃபே என்று ஒரு மதுக்கடையின் உரிமம் ரத்தான வழக்கில் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் ஒரு விதி போட்டது. ஆணைக்கு ஆதாரம் இருந்து, அந்தத் தண்டனையைக் கொடுக்க வாரியத்துக்குச் சட்டத்தில் அதிகாரமும் இருந்தால், அதிகம் என்று பட்டாலும் நீதிமன்றம் குறைக்க முடியாது. மதுக்கடைக்காக எழுதியது இன்றைக்கு ஆசிரியருக்கும் நர்ஸுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஒரு வருடத்தை ஆறு மாதமாக்குங்கள் என்று அங்கே நீதிபதியிடம் கேட்பதில் அர்த்தமே இல்லை. அதை விசாரணை அதிகாரியிடம்தான் கேட்க வேண்டும், அவர் அறிக்கை பாதகமாக வந்தால் ஆட்சேபம் எழுதி வாரியத்திடம் கேட்க வேண்டும். ஆட்சேபத்துக்கு அங்கே 10 நாள்தான், கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

கலிபோர்னியாவில் இது மாறும். உரிமம் ஏற்கெனவே கையில் கிடைத்துவிட்ட அடிப்படை உரிமை என்பதால் அங்கே சுப்பீரியர் கோர்ட் (மாநிலத்தின் முதல்நிலை நீதிமன்றம்) நீதிபதி சாட்சியங்களைத் தானே எடைபோட்டுப் பார்க்கலாம். 1971ல் வந்த பிக்ஸ்பி எதிர் பியர்னோ தீர்ப்பின் வழியில் வந்தது அது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 1999ல் ஃபுகுடா வழக்கில், அப்படி எடைபோடும்போதும் வாரியம் சொன்னது சரிதான் என்ற பலமான அனுமானத்தில் இருந்து தொடங்க வேண்டும், தவறு என்று காட்டுவது வழக்குப் போட்டவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். தண்டனையின் அளவில் அங்கேயும் லேசில் கை வைக்கமாட்டார்கள், அதிகாரத்தைக் கண்கூடாகத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால்தான். எடைபோடுவதும் கோப்பில் இருப்பதைத்தான். ஆக எந்த மாநிலமாக இருந்தாலும் வழக்கு நடக்கும் இடம் அந்த விசாரணை அறைதான்.

கெடுவும் கழுத்தைப் பிடிக்கும். ஒஹாயோவில் ஆணைக்கு எதிரான மேல்முறையீட்டுக்கு 15 நாள், வாரியத்திடமும் கொடுக்க வேண்டும், நீதிமன்றத்திலும் தாக்கல் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களின் வழக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே தள்ளுபடி ஆகியிருக்கிறது. கலிபோர்னியாவில் 30 நாள் கணக்கு. உங்கள் மாநிலத்தில் எவ்வளவு என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

---

மணியோசை எழுதியது:

வெண்பலகை சார், நான் சொல்வது கொஞ்சம் கடுமையாகப் படலாம். பள்ளியில் துணை முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த மாதிரிப் புகார்களை முதலில் வாங்கும் மேஜையில் உட்கார்ந்தவள்.

உங்கள் தங்கை நல்லவர் என்பதை நம்புகிறேன். ஆனால் அந்த ஒரு வரியை நீங்கள் கடந்து போகிற வேகம் எனக்குக் கவலையாக இருக்கிறது. "அம்மாவிடம் சொல்ல வேண்டாம், நமக்குள் இருக்கட்டும்." வாரியத்துக்கு மற்ற எல்லா மெசேஜும் இரண்டாம்பட்சம், இந்த ஒன்றுதான் வழக்கு. குழந்தைகளை நாசம் செய்கிறவர்கள் எப்படி ஆரம்பிக்கிறார்கள் என்று எங்களுக்கு வருடா வருடம் பயிற்சி கொடுப்பார்கள். முதல் படி எப்போதும் இதுதான், பெரியவருக்கும் குழந்தைக்கும் நடுவில் வீட்டுக்குத் தெரியாத ஒரு ரகசியம். உங்கள் தங்கையின் மனதில் அது இல்லை. சரி. ஆனால் போனைத் திறந்து படித்த அந்தத் தாய்க்கு அது எப்படித் தெரியும்? விசாரணை அதிகாரிக்கு எப்படித் தெரியும்? காகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதனால் விசாரணையில் "நான் நல்லெண்ணத்தில் செய்தேன், இவர்கள் பெரிதுபடுத்துகிறார்கள்" என்ற தொனியில் பேசினால் காரியம் கெட்டுவிடும். மறுபடி நடக்குமா என்பதுதான் எதிரில் இருப்பவர் தேடுவது. எல்லை எங்கே என்று தெரியாதவர் மறுபடி செய்வார் என்றுதான் முடிவுக்கு வருவார்கள். இப்போதே ஆசிரியர் மாணவர் எல்லை பற்றிய பயிற்சி வகுப்பு ஒன்றை முடித்துச் சான்றிதழ் வாங்கச் சொல்லுங்கள். அந்தக் குழந்தையின் கஷ்டத்தைக் கேட்டதும் பள்ளி ஆலோசகரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பதை, யாரும் கேட்பதற்கு முன் அவரே சொல்லட்டும். இன்னொன்று. வீட்டில் சண்டை என்று அந்தப் பெண் எழுதியதில் அடி, உதை, பயம் என்று ஏதாவது இருந்ததா என்று மறுபடி படித்துப் பாருங்கள். இருந்தால் ஆசிரியர் குழந்தைகள் நலத் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், அது எல்லா மாநிலத்திலும் சட்டக் கடமை. அது தனிக் குற்றச்சாட்டாக வரலாம், வழக்கறிஞருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

சாட்சிக்கு ஆள் தேடும்போது வெறும் புகழ்ச்சிக் கடிதங்களை வாங்கிக் குவிக்காதீர்கள். இந்தக் குற்றச்சாட்டு என்னவென்று தெரிந்தும் "என் பிள்ளையை இவர் வகுப்பில் உட்கார வைப்பேன்" என்று சொல்லும் ஒரு பெற்றோர், இவர் வகுப்புக்குள் நேரில் வந்து பார்த்த ஒரு துறைத் தலைவர், இந்த இரண்டு பேர் நேரில் வந்து பேசினால் போதும்.

அந்த மாணவியையோ அம்மாவையோ எக்காரணம் கொண்டும் தொடர்பு கொள்ள வேண்டாம். மன்னிப்புக் கேட்கக்கூட வேண்டாம். சாட்சியைக் கலைத்ததாகிவிடும். அந்தக் குழந்தையும் நிறைய அனுபவித்துவிட்டது, அதை விட்டுவிடுங்கள்.

---

வெண்பலகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மணியோசை அம்மா, நீங்கள் எழுதியதைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் "அவர்கள் சொல்வது சரி அண்ணா" என்றாள். அடி உதை பற்றி எதுவும் இல்லை, இரண்டு முறை படித்துவிட்டோம். விசாரணை கேட்டுக் கடிதம் தயார், நாளைக் காலையில் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் போகிறது.

ஒரு வழக்கறிஞரிடம் போனில் பேசினோம். வாரியத் தரப்பு வழக்கறிஞரோடு பேசி ஒப்பந்தமாக முடிக்கலாம், இடைநீக்கத்தை மூன்று மாதமாகக் குறைத்து மீதியை நிபந்தனையோடு நிறுத்திவைக்கக் கேட்கலாம் என்கிறார். தங்கைக்கு இது நிம்மதியாக இருக்கிறது, விசாரணை அறைக்குப் போக வேண்டாம் அல்லவா. கையெழுத்துப் போடலாமா? இவளுக்கு எச்-1பி விசா வேறு, அதுவும் பயமாக இருக்கிறது. அப்பா இன்னும் ஸ்டே ஸ்டே என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

---

மேற்குக்கரை எழுதியது:

ஒப்பந்தம் கெட்டதில்லை. பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. ஆனால் கையெழுத்துப் போடும் முன் அதில் எந்த வார்த்தையில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்று வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். "பள்ளியின் தகவல் தொடர்பு விதியை மீறி மாணவியோடு சொந்த போனில் பேசினார்" என்பதும் "மாணவியோடு தகாத உறவு வைத்திருந்தார்" என்பதும் ஒரே மூன்று மாதம்தான், ஆனால் இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பள்ளியிலும் நேர்முகத்துக்கு உட்கார முடியாது. உரிம நடவடிக்கைகளை மாநிலங்கள் ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ள நாஸ்டெக் என்ற அமைப்பின் தகவல் தொகுப்பு இருக்கிறது. அடுத்த மாநிலத்தில் போய்ப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்றால் அங்கே பெயரைத் தட்டினால் வந்துவிடும். விண்ணப்பத்திலும் இதுவரை ஏதாவது நடவடிக்கை உண்டா என்று கேட்பார்கள், இல்லை என்று எழுதினால் அது புதுக் குற்றம். மூன்று மாதமா ஒரு வருடமா என்பதைவிட அந்த இரண்டு மூன்று வாக்கியங்களுக்காகத்தான் வழக்கறிஞர் பாடுபட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மேல்முறையீட்டு உரிமையையும் சேர்த்து விட்டுக்கொடுப்பதாகத்தான் இருக்கும், அதையும் தெரிந்துகொண்டு போடட்டும்.

சங்கத்தில் உறுப்பினரா? சம்பவம் நடந்தபோதே உறுப்பினராக இருந்திருந்தால் வழக்கறிஞர் செலவில் உதவி கிடைக்க வாய்ப்பு அதிகம், உடனே கேளுங்கள். விசாவுக்குத் தனியாகக் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும், உரிம வழக்கறிஞர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். உரிமம் இல்லாமல் வகுப்பு எடுக்க முடியாது, வகுப்பு இல்லையென்றால் சம்பளம் நிற்கும், சம்பளம் நின்றால் விசா நிலை என்னாகும் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். இடைநீக்கம் தொடங்கும் தேதியைக் கோடை விடுமுறையை ஒட்டி வைக்க முடியுமா என்று ஒப்பந்தத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

---

ஆகஸ்ட்வெயில் எழுதியது:

தலைப்புக்குச் சற்று விலகி ஒன்று. விசாவில் வந்த ஆசிரியர்கள் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். உரிமத்தை நிறுத்த மாணவர் சம்பந்தப்பட்ட புகார்தான் வேண்டும் என்று இல்லை. ஒஹாயோவில் ஜூலை 10க்குப் பிறகு பள்ளி மாவட்டத்தின் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போனால், அவர்கள் புகார் கொடுத்தால் ஒரு வருடம் வரை உரிமத்தை நிறுத்த சட்டமே இருக்கிறது. ஆகஸ்டில் பக்கத்து மாவட்டத்தில் கூடச் சம்பளம் தருகிறார்கள் என்று ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டு எங்கள் நண்பர் ஒருவர் கிளம்பிப் போய் மாட்டிக்கொண்டார். ஊரில் வேலை மாறுவது மாதிரி நினைத்துவிட்டார். போவதற்கு முன் எழுத்தில் விடுவிப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

---

ஆவணக்காரன் எழுதியது:

அப்பா கேட்கும் ஸ்டே பற்றி: உண்டு, ஆனால் ஊர் மாதிரி இல்லை. மேல்முறையீடு தாக்கல் செய்த உடனே ஆணை தானாக நின்றுவிடாது. ஒஹாயோவில் வழக்கத்துக்கு மீறிய கஷ்டம் வரும் என்று காட்டினால் நீதிமன்றம் நிறுத்திவைக்கலாம். உரிமம் போனால் எல்லோருக்கும் சம்பளம் போகத்தான் செய்யும் என்பதால் சம்பளம் போகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார முடியாது. கலிபோர்னியாவில் பொதுநலனுக்கு விரோதமாக இருக்குமா என்றும் பார்ப்பார்கள். எதிரில் ஒரு குழந்தை இருக்கும் வழக்கில் நீதிபதிகள் அந்த இடத்தில் ரொம்பவே தயங்குவார்கள், இதை அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தப் பேச்சு நடக்கிறது என்பதற்காக விசாரணைக்கான தயாரிப்பை நிறுத்தாதீர்கள். தேதி நெருங்கும்போது மேஜையில் தயாராக உட்கார்ந்திருப்பவருக்குத்தான் நல்ல வாசகம் கிடைக்கும், இதை எத்தனையோ கோப்புகளில் பார்த்திருக்கிறேன். மெசேஜ்களை முழுசாக, தேதி நேரத்தோடு, ஒன்றுகூட விடாமல் அச்செடுத்து வையுங்கள். எதிர்த்தரப்பு பத்து மெசேஜை மட்டும் பிரித்துக் காட்டும்போது, அதற்கு முந்தின மெசேஜில் அந்தப் பெண் என்ன எழுதியிருந்தாள் என்பது அதே பக்கத்தில் இருக்க வேண்டும். போனை மாற்றவோ எதையும் அழிக்கவோ கூடாது. அப்புறம் வெண்பலகை சார், மாநிலம் சொல்லாவிட்டாலும் அந்த மெசேஜை இங்கே அப்படியே எழுதியிருக்கிறீர்கள், தேடினால் கிடைக்கும். நிர்வாகியிடம் சொல்லி உங்கள் முதல் பதிவில் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். மணியோசை அம்மா பதிவிலும் அது மேற்கோளாக இருக்கிறது, அதையும் சேர்த்து.

---

வெண்பலகை எழுதியது:

நிர்வாகிக்கு இப்போதே எழுதிவிட்டேன். அச்செடுக்கும் வேலையை இன்று ராத்திரியே ஆரம்பிக்கிறோம். தங்கை சங்கத்தில் ஆரம்பத்திலிருந்தே உறுப்பினர்தானாம், கேட்கவே தோன்றவில்லை என்கிறாள். திங்கட்கிழமை அங்கே பேசிவிட்டு என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுகிறேன், பெயர் விவரம் இல்லாமல்.